காண்டோ என்னோடது... விசா யாரோடது? பட்டாயாவில் ரிட்டயர் ஆனவர்களின் கணக்கு!

"ரிட்டயர் ஆனதும் ஃபாரின்ல பீச் பக்கத்துல ஒரு ஃபிளாட் வாங்கி செட்டில் ஆகிடணும்டா!" - 28 வயசுலேயே இப்படிப் பேசுற நண்பர் ஒருத்தர் எல்லோருடைய வாட்ஸ்அப் குரூப்லயும் இருப்பார். அந்தக் கனவை ஆயிரக்கணக்கான பேர் நிஜமாகவே வாழ்ந்துகொண்டிருக்கும் ஊர், தாய்லாந்தின் பட்டாயா.

பட்டாயா என்றதும் நம்ம பசங்க நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். பேச்சிலர் ட்ரிப் பட்டாயா ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால், காலையில் ஜோம்டியன் கடற்கரையில் மெதுவாக நடந்துவிட்டு, மார்க்கெட்டில் பப்பாளி வாங்கிக்கொண்டு, லிஃப்ட் ஏறி தன் ஃபிளாட்டுக்குப் போகும் 70 வயதுக்காரர்களின் பட்டாயாவும் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, நார்வே, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என எல்லா ஊர்ப் பென்ஷனர்களும் உண்டு. ஒருகாலத்தில் மீனவ கிராமம். வியட்நாம் போரின்போது பக்கத்தில் உள்ள உ-தபாவோ விமானதளத்தின் அமெரிக்க வீரர்கள் லீவுக்கு வந்து போக, டூரிஸ்ட் ஊராக மாறியது. டூரிஸ்ட்டாக வந்தவர்களில் பலர் வயதானதும் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

வெயில், கடல், குறைந்த செலவு, நல்ல ஆஸ்பத்திரிகள். வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால், இவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேசுவது கடலைப் பற்றி அல்ல... சொந்த நாட்டு அரசியலைப் பற்றி! 'அதான் ஊரை விட்டு வந்தாச்சே, இன்னும் என்ன அரசியல்?' என்று கேட்கத் தோன்றும். அதற்கான பதில் அவர்களுடைய பேங்க் பாஸ்புக்கில் இருக்கிறது.

மண் கிடையாது, மாடி உண்டு!

முதலில் வீட்டு விஷயம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்குவது அநேகமாக முடியாத காரியம். 'வீட்டைக் கட்டிப் பார்' என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால், காண்டோ வாங்கலாம். காண்டோ என்றால் நம்ம ஊர் அபார்ட்மென்ட் ஃபிளாட்தான். 1979-ம் ஆண்டு காண்டோமினியம் சட்டத்தின்படி, ஒரு கட்டடத்தில் உள்ள எல்லா ஃபிளாட்களின் மொத்தப் பரப்பளவில் 49 சதவிகிதம் வரை வெளிநாட்டவர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். மீதி 51 சதவிகிதம் தாய்லாந்துக்காரர்களுக்கு.

இதனால் ஒரு வேடிக்கை. ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே சைஸ் ஃபிளாட். ஆனால், 'ஃபாரின் கோட்டா'வில் இருப்பதற்கு ஒரு விலை, 'தாய் கோட்டா'வில் இருப்பதற்கு அதைவிடக் குறைந்த விலை. விலை குறைவாக இருக்கிறதே என்று தாய் கோட்டா ஃபிளாட்டை, பெயருக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்து, அதன் பெயரில் வாங்கியவர்கள் உண்டு. உள்ளூர் ஆட்களை டம்மி பங்குதாரர்களாக நிறுத்தி நடத்தும் பினாமி வேலை அது. சட்டப்படி குற்றம். இன்னொரு வழி, 30 வருட லீஸ். அதில் நீங்கள் ஓனர் கிடையாது, நீண்டகால வாடகைதாரர், அவ்வளவுதான்.

ஒழுங்காக வாங்க வேண்டுமென்றால் பணம் வெளிநாட்டிலிருந்து, வெளிநாட்டு கரன்சியாகவே உள்ளே வர வேண்டும். அதற்கு பேங்க் தரும் சான்று இருந்தால்தான் நில அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும். நாளைக்கு ஃபிளாட்டை விற்றுப் பணத்தைத் திரும்ப எடுத்துப்போகவும் அந்தக் காகிதம் கைகொடுக்கும். காண்டோ வாங்கும் ஆசை யாருக்காவது இருந்தால், கடல் தெரியும் பால்கனியைவிட முதலில் கேட்க வேண்டியது இந்தக் காகிதத்தைத்தான்.

2024-ல் தாய்லாந்து அரசு இந்த 49 சதவிகிதத்தை 75 ஆக உயர்த்தலாமா, லீஸை 99 வருடமாக்கலாமா என்று ஆய்வு செய்யச் சொன்னது. 'நாட்டை விற்கப் பார்க்கிறார்கள்' என்று அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. தன் ஊரில் சொந்த வீடு கனவாகிப்போன ஒரு பாங்காக் இளைஞரின் இடத்தில் இருந்து பார்த்தால், அந்தக் கோபம் புரியக்கூடியதுதான்.

ஓனர்தான்... ஆனா, விருந்தாளி!

வீடு வாங்கியாச்சு, பத்திரம் கையில். இனி நிம்மதியா? அங்கேதான் ட்விஸ்ட். சாதாரணமாக ஒரு காண்டோ வாங்குவதால் மட்டும் அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை கிடைத்துவிடாது. பத்திரம் ஒரு டிபார்ட்மென்ட், விசா இன்னொரு டிபார்ட்மென்ட். ரிட்டயர்மென்ட் அடிப்படையில் தங்க 50 வயது முடிந்திருக்க வேண்டும். தாய்லாந்து பேங்க்கில் 8,00,000 பாட் டெபாசிட் இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இரண்டும் கலந்து வருடத்துக்கு 8,00,000 கணக்குக் காட்டவும் வழியுண்டு. வேலை பார்க்கக் கூடாது. வருடா வருடம் இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போய், 1,900 பாட் கட்டி, புதுப்பிக்க வேண்டும்.

அது போக 90 நாளைக்கு ஒருமுறை 'நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று ரிப்போர்ட் செய்ய வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு ஓனர் தகவல் தர வேண்டும் என்று இன்னொரு விதி. ஓனரே வெளிநாட்டவராக இருந்தால்? என் வீட்டில் நான் தங்கியிருக்கிறேன் என்று அவரே தன்னைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும்! பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போகிறவர், ரீ-என்ட்ரி பர்மிட் வாங்காமல் ஃப்ளைட் ஏறினால், அந்த வருட அனுமதியே போச்சு.

இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாத ஒன்று, அந்த 65,000.

1,300 பவுண்டு கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,300 பவுண்டு பென்ஷன் வாங்கும் ஒரு பிரிட்டிஷ் தாத்தா. 2016 ஜூன் வரை ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 50 பாட் கிடைத்தது. 1,300-ஐ 50-ஆல் பெருக்கினால் 65,000. விசாவுக்குத் தேவையான தொகை டாண் என்று வந்துவிடுகிறது.

2016 ஜூன் 23-ல் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு. ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேறுவது என்று பிரிட்டன் முடிவெடுத்தது. பவுண்டு சரிந்தது. பாட்டும் வலுவாகிக்கொண்டே போக, 2019-ல் ஒரு பவுண்டுக்கு 38 பாட் அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அதே 1,300 பவுண்டின் மதிப்பு 49,400 பாட். தாத்தா எதுவும் செய்யவில்லை. பென்ஷனில் ஒரு பென்னி குறையவில்லை. ஆனால், 15,000 பாட்டுக்கு மேல் துண்டு விழுகிறது. சொந்த ஃபிளாட்டில் தொடர்ந்து இருக்கும் தகுதியே ஆட்டம் காண்கிறது.

அதே நேரத்தில் இன்னோர் இடி. அதுவரை 'இவருக்கு இவ்வளவு வருமானம்' என்று அவரவர் தூதரகம் தரும் கடிதத்தை வைத்து வருமானத்தைக் காட்டிவிடலாம். அந்த வருமானத்தைச் சரிபார்க்க எங்களால் முடியாது என்று அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் 2019 தொடக்கத்தோடு கடிதம் தருவதை நிறுத்திக்கொண்டன. மாதாமாதம் பணம் நிஜமாகவே தாய்லாந்து பேங்க்குக்கு வந்து விழ வேண்டும், அல்லது 8,00,000 பாட் டெபாசிட் போட வேண்டும். சேமிப்பையெல்லாம் காண்டோவில் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் தங்கள் ஃபிளாட்டையே விற்க வேண்டிய நிலை.

கரன்சி எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997-ல் ஒரு டாலருக்கு 25 பாட்டாக இருந்தது, நிதி நெருக்கடியில் 1998 ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. டாலர் பென்ஷன் வாங்கியவர்களுக்கு அப்போது ஜாக்பாட். உள்ளூர் மக்கள் வேலையிழந்து நின்ற அதே மாதங்களில்.

உறைந்துபோன பென்ஷன்

பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வில்லங்கம் உண்டு. பிரிட்டனில் அரசு பென்ஷன் ஒவ்வொரு வருடமும் உயரும். நீங்கள் அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ குடியேறினாலும் உயரும். தாய்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற நாடுகளுக்குப் போனால் உயராது. போன அன்று என்ன தொகையோ, அதுதான் கடைசிவரை. 'ஃப்ரோஸன் பென்ஷன்' என்பார்கள்.

2000-ல் பென்ஷன் தொடங்கி அப்போதே தாய்லாந்தில் குடியேறியவருக்கு முழு அடிப்படை பென்ஷன் வாரம் 67.50 பவுண்டு. இன்றும் அதே 67.50. பிரிட்டனிலேயே இருக்கும் அவருடைய நண்பருக்கு 2025-26-ல் 176.45 பவுண்டு. இருவரும் ஒரே அளவு வருடம் வேலை பார்த்து, ஒரே அளவு சந்தா கட்டியிருந்தாலும் இதுதான் நிலைமை. 2000-ல் பவுண்டுக்கு ஏறத்தாழ 60 பாட் என்பதால் வாரம் 4,000 பாட் கிடைத்தது. 2025-ல் இருந்த ஏறத்தாழ 44 பாட் கணக்கில் 3,000-கூட வராது. 25 வருட விலைவாசி ஏற்றத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவர் இதை எதிர்த்து வழக்கு போட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2010-ல் தோற்றார். கோர்ட் கதவு மூடியதால் மிச்சம் இருப்பது பாராளுமன்றம்தான். அங்கே யார் இவர்களுக்காகப் பேசுவார்? ஓட்டு இல்லாதவர்களின் பென்ஷனை உயர்த்த எந்தக் கட்சிக்கு அவசரம்?

ஓட்டுக்காகக் காத்திருந்த கிழவர்

ஆம், பலருக்கு 2024 வரை ஓட்டே இல்லாமல் இருந்தது. வெளிநாட்டில் 15 வருடங்களுக்கு மேல் இருந்தால் பிரிட்டிஷ் குடிமகனின் ஓட்டுரிமை காலாவதி ஆகிவிடும் என்றிருந்தது. பவுண்டை 38 பாட்டுக்குத் தள்ளிய பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் அவர்களால் ஓட்டுப்போட முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டு, பின்னாளில் இத்தாலியில் குடியேறிய ஹாரி ஷிண்ட்லர் இதற்காகப் பல வருடங்கள் போராடினார். 2022-ல் சட்டம் நிறைவேறியது. 15 வருட வரம்பு நிஜமாகவே நீங்கியது 2024 ஜனவரியில். ஷிண்ட்லர் 2023 பிப்ரவரியில், 101 வயதில் இறந்துவிட்டார்.

இதில் ஃபிரான்ஸ் கெத்து. வெளிநாட்டில் வாழும் ஃபிரெஞ்சுக்காரர்களுக்கென்றே அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் 11 எம்.பி-க்கள் உண்டு. அமெரிக்கர்கள் எத்தனை வருடம் வெளியே இருந்தாலும், கடைசியாக வசித்த மாநிலத்தின் வாக்காளராக ஓட்டுப்போடலாம். ஆனால், எங்கே இருந்தாலும் அமெரிக்க அரசுக்கு வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும். அவர்கள் வேலை பார்த்த காலமெல்லாம் பணம் கட்டிய மெடிகேர் மருத்துவக் காப்பீடோ, பொதுவாக வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுக்குக் கைகொடுக்காது.

இப்போது தாய்லாந்தும் தன் பங்குக்கு வரிக் கணக்கு கேட்கிறது. வருடத்தில் 180 நாள்களாவது அங்கே தங்குபவர், 2024 முதல் வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்தைத் தாய்லாந்துக்குள் கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரும். எந்த நாட்டுப் பென்ஷனுக்கு விலக்கு என்பது அந்தந்த நாட்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதாவது, அதுவும் அரசியல்தான்! அமெரிக்கத் தேர்தல் முடிவு பட்டாயாவில் காலை டிபன் நேரத்தில் வரத் தொடங்கும். அன்றைக்கு டி.வி முன்னால் உட்காரும் தாத்தாக்களை, வேறு வேலை இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜெயிக்கிற ஓட்டு எங்கே?

தாய்லாந்து அரசியலில் இவர்களுக்கு ஓட்டு கிடையாது, எவ்வளவு வருடம் இருந்தாலும். பேசவும் யோசிப்பார்கள். 2014-ல் ராணுவப் புரட்சி நடந்து ஊரடங்கு போட்டபோதுகூட, பார்வையாளர்கள்தான்.

இவர்கள் ஓட்டு முழுசாகச் செல்லுபடியாகும் ஒரே இடம், தங்கள் காண்டோ அசோசியேஷனின் வருடாந்தரக் கூட்டம். ஃபிளாட் எவ்வளவு பெரிதோ, அந்தப் பங்குக்கு ஏற்ப ஓட்டு. மெயின்டனன்ஸ் சதுர மீட்டருக்கு எவ்வளவு, லிஃப்ட் மாற்றுவதற்கான பணம் எங்கே, ஃபிளாட்டை ஓட்டல் மாதிரி தினவாடகைக்கு விடுகிறவர்களை என்ன செய்வது என்று காரசாரமாக நடக்கும். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட ஓட்டல் லைசென்ஸ் வேண்டும் என்பது சட்டம். விடத்தான் செய்கிறார்கள் என்பது யதார்த்தம்.

கடைசியாக ஒரு விஷயம், யாரும் பேச விரும்பாதது. ஓனர் இறந்துவிட்டால்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை உண்டு. ஆனால், வெளிநாட்டவர் காண்டோ வைத்திருக்கச் சட்டம் சொல்லும் தகுதிக்குள் அந்தப் பிள்ளை வரவில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் ஃபிளாட்டை விற்றாக வேண்டும். விசாவுக்காக பேங்க்கில் போட்ட 8,00,000 பாட்டும், கோர்ட் ஒருவரை நிர்வாகியாக நியமிக்கும்வரை அப்படியே கிடக்கும். தாய்லாந்துச் சட்டப்படி ஓர் உயில் எழுதி வைத்தால் பிள்ளைகளின் அலைச்சல் பெருமளவு குறையும்.

நம்ம ஊரிலிருந்து யாராவது இந்த ரூட்டை யோசித்தால்... ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் வீடும் வாங்கலாம். இந்திய பாஸ்போர்ட்டை வைத்திருக்கும்வரை ஓட்டும் உண்டு. ஆனால், தபாலிலோ ஆன்லைனிலோ போட முடியாது. தேர்தல் அன்று காலை உங்கள் வார்டு பூத் வரிசையில் நீங்களே பாஸ்போர்ட்டோடு நிற்க வேண்டும். ஃப்ளைட் டிக்கெட் உங்கள் செலவு.