‘யோசிச்சு யோசிச்சு மண்டை காயுதா?’ - ஜிம்பாப்வே பாட்டிகளின் பெஞ்ச் வைத்தியம்!

நைட் ரெண்டு மணி. தூக்கம் வரலை. நடந்ததையும் நடக்காததையும் போட்டு மனசு உருட்டிக்கிட்டே இருக்கு. காலையில் யாராவது கேட்டால், “ஒண்ணுமில்ல, ரொம்ப யோசிச்சிட்டேன்” என்று சொல்லிச் சமாளிப்பீர்கள். நம்மில் எத்தனை பேர் “எனக்கு டிப்ரெஷன்” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்?

ஜிம்பாப்வேயிலும் இதே கதைதான். அங்கே ஷோனா மொழியில் இதற்கு ஒரு பெயரே உண்டு. ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். 1990-களில் அந்த நாட்டுக்குப் போய் வேலைபார்த்த மும்பைக்காரரான மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல், இந்த வார்த்தையை அலட்சியமாகக் கடந்துவிடவில்லை. அங்குள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து, மக்கள் பேசும் மொழியிலேயே 14 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். முதல் கேள்வியே, ‘சமீபத்தில் ரொம்ப யோசிக்கிறீர்களா?’ என்கிற ரகம்தான். மேல்நாட்டுப் புத்தகத்தில் இருந்து கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்திருந்தால், பாதிப்பேர் ‘எனக்கு அதெல்லாம் இல்லை’ என்று எழுந்து போயிருப்பார்கள்.

அந்த 14 கேள்விகள் பின்னால் வேறொருவர் கைக்குப் போயின. அவர் டிக்சன் சிபாண்டா, ஜிம்பாப்வேயைச் சேர்ந்த மனநல மருத்துவர். 2005-ல் அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ‘ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வரலை?’ என்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டிருக்கிறார் டாக்டர். பஸ்ஸுக்குப் பணம் இல்லை என்பதுதான் பதில். வெறும் 15 டாலர். இதைப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். டாக்டரைத் தேடி ஜனங்கள் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று அவருக்குப் புரிந்த இடம் அது.

அதே 2005-ல்தான் ஜிம்பாப்வே அரசு நகரக் குடிசைகளை இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்பது ஐ.நா-வின் கணக்கு. ஒரு கோடிக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட நாட்டில் மனநல மருத்துவர்களோ பத்து, பன்னிரண்டு பேர்தான். தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் ஏதாவது செய்யலாம் என்று சிபாண்டா கிளம்பினால், கிளினிக்கில் ரூம் இல்லை, நர்ஸுகளுக்கு நேரமில்லை. கிடைத்தது வெளியே மரத்தடியும், ஏற்கெனவே சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிகளும்தான்.

2006-ல் பெஞ்ச் போட்டாயிற்று. முதலில் அதற்கு ‘மனநல பெஞ்ச்’ என்று பெயர். யார் வந்து உட்காருவார்கள்? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு போர்டு வைத்தால் நாமே நாலடி தள்ளித்தான் நிற்போம். பெயரை மாற்றச் சொன்னது பாட்டிகள்தான். ‘நட்பு பெஞ்ச்’ ஆனது. கூட்டமும் வந்தது.

பாட்டி என்ன செய்வார்? முதலில் பேசவிடுவார். குறுக்கே அட்வைஸ் கிடையாது (இதுதான் நமக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமான பகுதி). பிறகு, மனசில் இருக்கும் பத்துப் பிரச்னைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். அதற்கு இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை என்ன என்பதை, வந்தவரே யோசித்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ‘செஞ்சியா, என்ன ஆச்சு?’ என்ற விசாரிப்பு. இப்படி சுமார் ஆறு சந்திப்புகள். கேட்க ரொம்ப சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால், ‘பிரச்னைக்குத் தீர்வு தேடும் சிகிச்சை’ என்று உளவியலில் ஏற்கெனவே இருப்பதுதான் இது. நிலைமை தீவிரமாகத் தெரிந்தால் பாட்டியே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார். டாக்டருக்குப் பதில் பாட்டி என்று யாரும் சொல்லவில்லை.

‘பேசினா சரியாகிடுமா?’ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2016-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் பதில் வந்தது. ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் நடந்த ஆய்வு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் அது 14 சதவிகிதம்தான்.

அதற்குப் பிறகு பெஞ்ச் எல்லை தாண்டியது. மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று போனது. 2022 கத்தார் உலகக்கோப்பை கால்பந்தின்போது, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 32 அணிகளுக்கும் ஒன்றாக 32 பெஞ்சுகள் வைத்தார்கள். பணக்கார நாடு சொல்லிக்கொடுக்கும், ஏழை நாடு கேட்டுக்கொள்ளும் என்கிற வழக்கம் இந்த விஷயத்தில் தலைகீழ். எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான்.

விக்ரம் பட்டேலும் ஜிம்பாப்வே பாடத்தோடு இந்தியா திரும்பினார். 1996-ல் கோவாவில் தொடங்கிய ‘சங்கத்’ அமைப்பில், டாக்டர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மனச்சோர்வுக்கு ஆலோசனை தரவைத்து, அது வேலை செய்கிறது என்று காட்டினார்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தை ஆரம்பித்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும், தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் இதேபோல ஒன்றைச் செய்தார்கள். முகாமிலேயே வாழ்கிறவர்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் தொடர்ந்து போய் நலம் விசாரிப்பார்கள். ‘மனசு ரொம்ப மோசமானா என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும்’ என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க ஓர் அட்டையும் கொடுத்தார்கள்.

அந்த அட்டையை நீங்களும் போன் நோட்ஸில் எழுதிவைக்கலாம். மனசு லேசாகிற ரெண்டு, மூணு விஷயங்கள், எந்த நேரத்திலும் போனை எடுக்கிற ரெண்டு பேர், கடைசியாக ஒரு ஹெல்ப்லைன் நம்பர். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. உயிரை விட்டுடலாம் என்கிற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

நண்பர் யாராவது ‘மண்டை காயுதுடா’ என்று மெசேஜ் போட்டால், தம்ஸ்-அப் எமோஜியோடு விட்டுடாதீங்க. “எதைப் பத்தி யோசிச்சிட்டு இருக்கே?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் இருங்கள்.