தோளின் வரலாறு: ஆண்கள் ஆடை அணிவகுப்பும் பருவ நாட்காட்டியும், 1952 முதல் இன்று வரை

முன்னுரை

ஆண்கள் அணியும் கோட்டில் மாற்றத்துக்கு இடம் தரும் பகுதிகள் சொற்பம். காலரின் அகலம், பொத்தான்களின் எண்ணிக்கை, இடுப்பின் இறுக்கம், இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தோள். தோள் அகன்றால் கோட்டின் தொனியே மாறிவிடும், ஒடுங்கினாலும் அப்படித்தான். ஐரோப்பாவில் ஆண்களுக்கான ஃபேஷன் ஷோ தோன்றி வளர்ந்த கதையை இந்தத் தோளின் வழியாகப் படிக்க முயல்கிறது இக்கட்டுரை.

ஆடைகளை உயிருள்ள மாடல்களுக்கு அணிவித்துக் காட்டும் வழக்கம், பெண்களைப் பொறுத்தவரை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே பாரிஸில் வேரூன்றிவிட்டது. ஆண்களுக்கு அப்படியொரு மேடை அமைய 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் உளவியல் சார்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மேல்தட்டு ஆண்கள் பட்டையும் சரிகையையும் கைவிட்டு இருண்ட நிறத் துணிக்கு மாறியதை, உளவியலாளர் ஜே. சி. ஃப்ளூகல் 1930இல் வெளியிட்ட தம் நூலில் 'ஆண்களின் பெருந்துறவு' என்றார். அலங்காரத்தைத் துறந்தவருக்கு அணிவகுப்பு எதற்கு?

இந்த விளக்கம் பாதி உண்மைதான். மறுபாதி தொழில் அமைப்பில் கிடக்கிறது. வசதியான ஆண் தையற்காரரிடம் நேரே போய், துணி தேர்ந்து, அளவு கொடுத்து, இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துக் கோட்டை வாங்கினார். தோள் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த இருவருக்கும் இடையிலான பேச்சில் முடிவானது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்குத் தைக்கும் நிலை வந்தபோதுதான், வரும் பருவத்தின் தோள் இதுதான் என்று யாராவது முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆண்களின் ராம்ப் அந்த அறிவிப்புக்காகப் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெள்ளை மண்டபம்

போருக்குப் பிந்தைய இத்தாலியிடம் துணி ஆலைகளும் கைத்திறனும் இருந்தன, டாலர் இல்லை. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளுக்குக் கொள்முதல் முகவராக இருந்த ஃபுளோரன்ஸ்காரர் ஜொவான்னி பத்தீஸ்தா ஜொர்ஜினி, 1951 பிப்ரவரி 12 அன்று தம் வீட்டிலேயே இத்தாலிய ஆடைகளின் காட்சி ஒன்றை நடத்தினார். தேதியைத் தேர்ந்ததில்தான் அவருடைய சாமர்த்தியம். பாரிஸ் காட்சிகள் முடிந்த கையோடு, பெர்க்டார்ஃப் குட்மேன், பி. ஆல்ட்மேன் போன்ற நியூயார்க் கடைகளின் கொள்முதலாளர்களை அப்படியே ஃபுளோரன்ஸுக்கு இழுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் காட்சி பிட்டி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தது.

அங்கேதான் 1952இல் ரோம் நகரின் பிரியோனி நிறுவனம் ஆண்களை மேடையில் நடக்கவைத்தது. தையற்கலைஞர் நசரேனோ ஃபொன்ட்டிகொலியும் கயெத்தானோ சவினியும் 1945இல் தொடங்கிய கடை அது. உலகின் நல்ல கோட் என்றால் லண்டன் சாவில் ரோ தெருவின் கோட் என்றிருந்த காலம். கனத்த துணி, விறைப்பான உட்கட்டு, சதுரமான தோள் என்பதே அதன் இலக்கணம். பிரியோனி காட்டியது மெல்லிய துணி, மெலிந்த உருவம், ஒடுங்கிய மென்தோள், ஆண்கள் தொடத் தயங்கிய வண்ணங்கள். எதிரே அமர்ந்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் அதை உடுத்தப்போகும் ஆண்கள் அல்லர், கடல் கடந்த கடைகளின் கொள்முதலாளர்கள். அளவெடுக்கவே முடியாத தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்காகத் தையற்காரர் செய்த ஏற்பாடுதான் அந்த முதல் அணிவகுப்பு. அடுத்த சில ஆண்டுகளில் 'கான்டினென்டல்' என்ற பெயரில் இந்தக் குறுங்கோட்டுப் பாணி அமெரிக்காவில் பரவியது. 1960ஐ ஒட்டி, பென்னே என்ற சிற்றூரில் கைத்தையலைப் பல கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் தொழிற்கூடத்தையே பிரியோனி அமைத்தது.

மாணவர்கள் நடந்த மேடை

1960இல் பாரிஸில் பியர் கார்தன் தம் முதல் ஆண்கள் தொகுப்பை 'சிலிண்டர்' என்ற பெயரில் வெளியிட்டார். காலர் கிடையாது, உடலை ஒட்டி நேராக இறங்கும் கோட். தொழில்முறை ஆண் மாடல்கள் அரிதாக இருந்ததால் கல்லூரி மாணவர்களையே அழைத்து நடக்கவைத்தார். சிறிது காலத்திலேயே இந்தக் காலரில்லாக் கோட்டின் சாயலில் லண்டன் தையற்காரர் டகி மில்லிங்ஸ் பீட்டில்ஸ் குழுவுக்குத் தைத்துக் கொடுத்தார். 1961இல் லண்டன் சவாய் ஹோட்டலில் ஹார்டி ஏமிஸ் ஆண்களின் ஆயத்த ஆடைகளை மேடையேற்றினார். அவருக்குப் பின்னால் இருந்தது ஹெப்வொர்த்ஸ் என்ற தொடர்கடை நிறுவனம். கார்தனும் ஏமிஸும் பெண்கள் ஆடையில் பெயரெடுத்தவர்கள். இருவரும் ஆண்கள் பக்கம் திரும்பியது ஆலைத் தையலோடு சேர்ந்துதான்.

எதிர்ச்சான்று போலத் தோன்றும் ஒன்றையும் இங்கே எடைபோட வேண்டும். அதே 1960களில் லண்டனின் கார்னபி தெருவில் ஜான் ஸ்டீஃபனின் கடைகள் ராம்ப் எதுவுமின்றியே இளைஞர்களின் ஆடையைப் புரட்டிப்போட்டன. அவர் கொஞ்சமாகத் தைத்தார். விற்றதைப் பார்த்து அடுத்த தொகுதியை மாற்றினார். தைக்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் இடையே தூரமும் காலமும் குறைவு என்பதால் முன்னறிவிப்புத் தேவைப்படவில்லை. ஆக, கார்னபி தெரு நம் வாதத்தை மறுபக்கமிருந்து உறுதி செய்கிறது.

தொழிற்சாலையின் நாட்காட்டி

இத்தாலிய ஆயத்த ஆடைத் தொழில் 1950களிலிருந்தே பெருகியது. டூரின் நகரின் ஜி.எஃப்.டி. நிறுவனம் ஆயிரக்கணக்கான இத்தாலிய ஆண்களின் உடல் அளவுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து தன் அளவுப் பட்டியலை வகுத்தது. தையற்காரரின் இஞ்சு டேப் செய்த வேலையைப் புள்ளிவிவரம் எடுத்துக்கொண்டது. 1972இல் ஃபுளோரன்ஸில் ஆண்கள் ஆடைக்கென்றே 'பிட்டி உவோமோ' என்ற வணிகக் கண்காட்சி தொடங்கியது. 1982 முதல் அது ஃபோர்த்தெஸ்ஸா த பாஸ்ஸோ கோட்டையில் நடக்கிறது.

ஆண்களின் பருவங்கள் இன்று ஜனவரியிலும் ஜூனிலும் அறிவிக்கப்படுகின்றன. ஜனவரியில் காட்டுவது அவ்வாண்டின் இலையுதிர், குளிர்காலத்துக்கு. ஜூனில் காட்டுவது அடுத்த ஆண்டின் வசந்த, கோடைக்காலத்துக்கு. பெண்களின் ஆயத்த ஆடைக் காட்சிகளோ பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் வருகின்றன. இந்த இடைவெளி ஆலைத் தொழிலின் நடைமுறையோடு பொருந்துகிறது. கடைக்காரர் ஆர்டர் கொடுக்க வேண்டும். அளவுவாரியாக எண்ணிக்கை கூட்ட வேண்டும். ஆலைக்குத் துணி சொல்ல வேண்டும். கேன்வாஸ், லைனிங், கைபூட்டு, இஸ்திரி எனப் பல கைகள் கடந்து கோட் உருவாக வேண்டும். குளிர் தொடங்கும் முன் சரக்கு கடைக்குள் இருக்க வேண்டுமானால் ஜனவரியிலேயே தோளின் அகலம் முடிவாகியாக வேண்டும்.

அர்மானியின் கத்தரி

இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் நீனோ செருட்டியிடம் 1964 முதல் பயின்ற ஜொர்ஜியோ அர்மானி, 1975இல் செர்ஜியோ கலெயோத்தியுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். கோட்டின் விறைப்பான உட்கட்டைக் கழற்றி, தோள் பஞ்சைக் குறைத்து, லைனிங்கை எடுத்துவிட்டார். சட்டைபோல் உடலோடு அசையும் கோட் கிடைத்தது. இது முற்றிலும் புதிதன்று. நேப்பிள்ஸில் ருபினாச்சியின் தையலகத்தில் வின்சென்சோ அத்தொலினி 1930களிலேயே பஞ்சில்லாத மென்தோளை வெட்டியிருந்தார். ஆனால் அது ஊரறிந்த சில கனவான்களின் ரகசியமாகவே நின்றது. 1978இல் ஜி.எஃப்.டி.யுடன் அர்மானி செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த நெகிழ்வை ஆலை உற்பத்தியாக்கியது. 1980இல் வந்த 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் ரிச்சர்ட் கியர் அதை உடுத்தி வந்தார். 1982 ஏப்ரலில் டைம் இதழின் அட்டையில் அர்மானியே இடம்பெற்றார். நேப்பிள்ஸின் தையற்காரரிடம் இல்லாமல் மிலானின் வடிவமைப்பாளரான அர்மானியிடம் இருந்தவை ஆலை, மேடை, திரை ஆகிய மூன்றும்தான்.

ஒடுங்கலும் விரிதலும்

அர்மானி தந்த தளர்ச்சிக்கு எதிர்வினை அடுத்த தலைமுறையில் வந்தது. 1995இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கிய பெல்ஜியத்தின் ராஃப் சிமன்ஸ் மெலிந்த இளைஞர்களைத் தெருவிலிருந்தே தேர்ந்து நடக்கவைத்தார். 2001 ஜனவரியில் எடி ஸ்லிமான், டியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவான டியோர் ஓம் பெயரில் காட்டிய முதல் தொகுப்பில் தோளும் கைக்குழியும் சுருங்கின, பேன்ட் காலோடு ஒட்டியது. அந்தக் கோட்டை உடுத்துவதற்காகவே வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டு ஏறத்தாழ 42 கிலோ எடை குறைத்தார். உடலுக்கேற்ப ஆடை என்ற தையற்காரரின் தர்மம் இங்கே தலைகீழானது.

2005இல் ஸ்காட் ஷூமன் 'தி சார்ட்டோரியலிஸ்ட்' என்ற இணையப் பக்கத்தைத் தொடங்கித் தெருவில் நன்றாக உடுத்தியவர்களைப் படமெடுத்தார். பிட்டி உவோமோவின் வாசலில் நிற்கும் வியாபாரிகளே காட்சிப்பொருளாயினர். கைக்குட்டை மடிப்பையும் சாக்ஸின் நிறத்தையும் உலகம் அவர்களைப் பார்த்துப் பழகியது. 2018 ஜூனில், லூயி வுய்ட்டோனின் ஆண்கள் பிரிவுக்குத் தலைமையேற்ற வர்ஜில் ஆப்லோ, பாரிஸின் பலே ரொயால் தோட்டத்தில் வானவில் நிறத் தரைவிரிப்பில் தம் முதல் காட்சியை நடத்தினார். தோள் மீண்டும் அகன்றது, தெரு உடை மாளிகைக்குள் வந்தது. கார்தன் மாணவர்களை மேடையில் நடக்கவைத்தார். ஆப்லோ ஃபேஷன் மாணவர்களைப் பார்வையாளர் வரிசையில் அமர்த்தினார். கொள்முதலாளர் மட்டுமே பார்த்தால் போதும் என்ற நிலை போய்விட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

2016 செப்டம்பரில் பர்பெரி நிறுவனம் ஆண், பெண் காட்சிகளை ஒன்றாக்கி, மேடையில் காட்டியதை உடனே விற்கவும் தொடங்கியது. 2017இல் குச்சி நிறுவனமும் இரு காட்சிகளை இணைத்தது. 2023 ஜூனில் பாரிஸின் பான் நஃப் பாலத்தை அடைத்துப் பாடகர் ஃபரெல் வில்லியம்ஸ் நடத்திய லூயி வுய்ட்டோன் காட்சியை உலகம் இணையத்தில் நேரலையாகப் பார்த்தது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு முரண் துலங்குகிறது. ஆறு மாதம் முன்னதாக ஆர்டர் கொடுக்கும் கடைக்காரருக்காகப் பிறந்த மேடை, இப்போது கோட் வாங்கவே போகாத கோடிக்கணக்கானோருக்காக நடத்தப்படுகிறது. அவர்கள் வாங்கக்கூடியது பெல்ட், பர்ஸ், வாசனைத் திரவியம். ஜனவரி, ஜூன் நாட்காட்டியோ இன்னும் கலையவில்லை. துணி நெய்யவும் கோட் தைக்கவும் ஆகும் காலத்தை நேரலை குறைத்துவிடவில்லை. எனவே ஆண்கள் ஃபேஷனின் அடுத்த திருப்பத்தைத் தேடும் ஆய்வாளர், மேடை விளக்குகளைக் காட்டிலும் ஆலையின் ஆர்டர் புத்தகத்தைக் கவனிப்பது பயன் தரும். 1952 முதல் தோளின் அளவு மாறிய பெரும்பாலான தருணங்களில், அந்த மாற்றத்துக்கு முன்பாகவோ உடனாகவோ, தைப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான தூரம் மாறியிருக்கிறது.