மோட்பஸ் வழி மோட்டார் இயக்கம்

மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்களுக்குக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பப் பரவலாகப் பயன்படும் நெறிமுறை மோட்பஸ். அதை மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்டது. ஆர்எஸ்-485 கம்பியில் சுமார் 1,200 மீட்டர் வரை செய்தி போகும். ஒவ்வொரு டிரைவுக்கும் 1 முதல் 247க்குள் ஒரு முகவரி.

கணினியின் நிரல் செய்வதெல்லாம் டிரைவின் பதிவகத்தில், அதாவது எண்ணைச் சேமிக்கும் நினைவிடத்தில், ஓர் எண்ணை எழுதுவதுதான். அதற்கான கட்டளை, முகவரி, செயல் எண் 06, பதிவக எண், மதிப்பு, பிழைச் சரிபார்ப்பு என எட்டே பைட்டுகள். பல டிரைவ்களில் 2500 என்று எழுதினால் 25.00 ஹெர்ட்ஸ். அதே எட்டு பைட்டுகள் திரும்பி வந்தால் கட்டளை ஏற்கப்பட்டது என்று பொருள். பதிவகங்களைச் சில கையேடுகள் 0இலிருந்தும் சில 1இலிருந்தும் எண்ணும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி டிரைவில் காலவரம்பு வைக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை நிரலிடம் விடாமல் தனிக் கம்பியில் இணைப்பதே முறை.