கூலி இருக்கா?

ஆன்சைட்ல ஜெர்மனி போயிருந்த சமயம். ஸ்டுட்கார்ட்ல ஒரு மீட்டிங். பக்கத்து சீட் ஜெர்மன்காரர் சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பி, "ஹாஸ்ட் டூ ஐனென் கூலி?"ன்னு கேட்டார். எனக்குப் புரிஞ்சது கடைசி வார்த்தை மட்டும்தான். 'நானே ஒரு கூலிதானேய்யா'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மனுஷன் கேட்டது பால்பாயிண்ட் பேனா :-)

ஜெர்மன்ல பால்பாயிண்ட் பேனாவோட முழுப்பேர் கூகல்ஷ்ரைபர். கூகல்னா உருண்டை, ஷ்ரைபர்னா எழுதுறது. அதைச் சுருக்கித்தான் 'கூலி'. அப்போ நம்ம கூலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டா, அப்படியும் சொல்லிட முடியாது. பால்பாயிண்ட் பரவுறதுக்கு முன்னாடியே, 1928-ல ஹாம்பர்க்ல 'டின்டென்கூலி'ன்னு ஒரு பேனா வந்திருக்கு. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ராட்ரிங் தெரியுமே, அந்தக் கம்பெனியோட ஆரம்பம்தான் இது. டின்டென்னா மை. ஆக, மைக்கூலி! இந்தக் கூலி சாட்சாத் மூட்டை தூக்குற கூலியேதான்.

இதுல இன்னொரு வேடிக்கை. இந்தோனேசியாவுல பத்திரிகைக்காரங்களை 'கூலி திந்தா'ன்னு சொல்லுவாங்க. திந்தான்னா அங்கயும் மை. ஒரு ஊர்ல மைக்கூலின்னா பேனா, இன்னொரு ஊர்ல அந்தப் பேனாவைப் பிடிக்கிற ஆள்.

ரெண்டெழுத்து வார்த்தை, இவ்வளவு தூரம் எப்படிப் போச்சு? அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன்தான், தூங்கும்போது மணி ரெண்டு.

முதல்ல நம்ம ஊர். தமிழ்ல கூலின்னா உழைப்புக்குக் கிடைக்கிற பலன். திருக்குறள்லயே இருக்கு. ஆள்வினையுடைமை அதிகாரம், 619-ஆவது குறள். தெய்வத்தால முடியாட்டிக்கூட, உடம்பு வருந்த உழைச்சதுக்குக் கூலி வந்தே தீரும்னு சொல்றார் வள்ளுவர். எவ்வளவு மரியாதையான இடத்துல உட்கார்ந்திருக்கு பாருங்க இந்த வார்த்தை! மலையாளம், கன்னடம், தெலுங்கு மூணுலயும் இதே கூலி, இதே அர்த்தத்துல உண்டு. கூலம்னா தானியம், அந்தக் காலத்துல சம்பளத்தை தானியமாத்தான் அளந்தாங்க, அதுலேருந்துதான் கூலி வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. கூலிங்கிறது அவன் வாங்குற காசு. அவன் கூலியாள், இல்லேன்னா கூலிக்காரன். காசு வேற, ஆள் வேற.

ஆங்கிலத்துக்குப் போன 'கூலி' தமிழ்க் கூலிதானாங்கிறதுல ஒரு பஞ்சாயத்து உண்டு. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி (1886), குஜராத் பக்கம் இருக்கிற கோலி இனத்து மக்களோட பேர்லேருந்து வந்திருக்கும்னு சொல்லுது. நம்ம கூலியும் அதோட கலந்திருக்கலாம்னு ஒத்துக்குது. அடிமையைக் குறிக்கிற ஒரு துருக்கிச் சொல்லையும் பக்கத்துல வைக்குது. என்னோட ஓட்டு தமிழுக்குத்தான் (வேற யாருக்குப் போடுவேன்!). அப்படியே ரெண்டு ஓடை கலந்திருந்தாலும், சம்பளத்துக்கு வேலை செய்யறதுங்கிற அர்த்தம் நம்ம பக்கத்துலேருந்து போனதாத்தான் எனக்குப் படுது.

அடுத்தது கப்பல். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துல அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1834-ல நடைமுறைக்கு வந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? அதே வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி கல்கத்தாவுலேருந்து 36 பேரோட அட்லஸ் கப்பல் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்துச்சு. அடிமை இல்லை, ஒப்பந்தக் கூலியாம்! போர்ட் லூயிஸ்ல இப்படி வந்தவங்களை இறக்கின துறைக்குப் பேரே கூலி காட். இப்போ ஆப்ரவாசி காட்ங்கிற பேர்ல 2006-லேருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலேருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. இலங்கையில காப்பித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம். வரிசையா கட்டின 'கூலி லைன்' வீடுகள்தான் மலையக மக்கள் வாயில லயன் ஆச்சு.

இந்தக் கப்பல்கள்ல எங்கேயோதான் 'ஆள்' தவறிக் கடல்ல விழுந்துட்டான். மிச்சம் இருந்தது கூலி மட்டும். சம்பளத்தோட பேர் மனுஷனோட பேராயிடுச்சு. அப்புறம் அது இனத்தோட பேர். 1893-ல தென்னாப்பிரிக்கா போன காந்திக்கு அங்க கிடைச்ச பட்டம் 'கூலி பாரிஸ்டர்'. வியாபாரம் பண்றவன் கூலி வியாபாரி. தமிழ்ப் பேர்கள்ல வர்ற சாமியைப் பிடிச்சுக்கிட்டு 'சாமி'ன்னும் கூப்பிட்டதா சத்திய சோதனையில எழுதியிருக்கார். நம்ம ஊர்ல கும்பிடுற வார்த்தையும், வேர்வைக்குக் கிடைக்கிற காசும், ரெண்டுமே அங்க வசவு! தென்னாப்பிரிக்காவுலயும் கரீபியன் பக்கமும் 'கூலி'ன்னு ஒருத்தரைச் சொல்லிப் பாருங்க, இன்னிக்கும் அடிதான் விழும்.

சீனாக்காரங்களுக்கும் இதே பேர்தான். 1847-லேருந்து கியூபாவுக்கு அவங்களையும் கப்பல் ஏத்தினாங்க. கலிபோர்னியாவுல 1862-ல 'கூலி எதிர்ப்புச் சட்டம்'னே ஒண்ணு போட்டு, சீனத் தொழிலாளிகள் மேல மாசம் ரெண்டரை டாலர் வரி விதிச்சாங்க. டச்சுக்காரங்க ஆண்ட சுமத்ராவுல 1880-ல 'கூலி அவசரச் சட்டம்'. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடினா ஜெயில். ராஜினாமா பண்ணினா ஜெயில்னு யோசிச்சுப் பாருங்க! நாம நோட்டீஸ் பீரியடுக்கே அழறோம்.

சீனர்கள் இந்த வார்த்தையை எழுத ரெண்டு எழுத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. கூ, லீ. முதல் எழுத்துக்குக் கசப்பு, ரெண்டாவதுக்கு வலிமை. கசப்பான உழைப்பு! இந்த வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான உரை இருக்கிறதா எனக்குத் தெரியலை.

இப்படி வெள்ளைக்காரனைத் திட்டிக்கிட்டே படிச்சுட்டு இருந்தப்போதான் சுருக்குன்னு ஒரு ஞாபகம். ஒன்பதாம் கிளாஸ்ல ஸ்காலர்ஷிப் ஃபாரம். தந்தையின் தொழில்னு ஒரு கட்டம். அப்பா அரிசி மில்லுல மூட்டை தூக்குறவர். வாத்தியார் என்னைக் கேட்கக்கூட இல்லை, 'கூலி'ன்னு எழுதிட்டார். கூலியாள் இல்லை, கூலித் தொழிலாளி இல்லை. வெறும் கூலி. பக்கத்துல நின்ன பையன் எட்டிப் பார்த்துடக் கூடாதேன்னு கையால மறைச்சுக்கிட்டேன். கடல் தாண்டினதாலதான் 'ஆள்' தொலைஞ்சான்னு இவ்வளவு நேரம் நினைச்சிட்டிருந்தேன். கடலே தாண்டாம, தமிழ்லயே, எங்க ஸ்கூல் வராந்தாவுலயே தொலைச்சிருக்கோம். ரயில்வேயே கூலிங்கிற பேரை 'சஹாயக்'னு மாத்தணும்னு அறிவிச்சது 2016 பட்ஜெட்லதான்.

ஆனா அன்னிக்கு மறைச்சது அந்த வார்த்தையை மட்டும் இல்லை. அப்பாவையும் சேர்த்துத்தான். அதுக்கு எந்த வெள்ளைக்காரனையும் குத்தம் சொல்ல முடியாது.

மறுநாள் வீட்டுக்கு ஃபோன் பண்ணி அப்பாகிட்ட பேனா கதையைச் சொன்னேன். ஃபாரம் கதையைச் சொல்ல வாய் வரலை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சார்.

"பரவாயில்லயேடா, அந்த ஊர்ல கூலியை சட்டைப் பாக்கெட்டுல, நெஞ்சுகிட்ட வெச்சுக்கிறாங்களா?"

ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு ரெண்டு கூலி வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு எப்பவும் அவர் பாக்கெட்டுலதான் இருக்கு.