நம்பிக்கைப் பள்ளத்தாக்கின் நாள்கள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தமிழர் இலர். அதனை ஒட்டிச் செல்லும் சாலைகளுள் ஒன்றுக்கு 'ஜாலான் டிராவர்ஸ்' என்று பெயர். அச்சாலையில் நாள்தோறும் செல்லும் மாணவரிடம் டிராவர்ஸ் என்பவர் யார் என்று வினவினால், விடை கிடைப்பது அரிது. அவர் ஒரு மருத்துவர். தொழுநோயாளரை மனிதராக மதித்து வாழவைக்க வேண்டும் என்று வாதாடியவர்களுள் முதன்மையானவர். அவருடைய எண்ணத்தின் விளைவே சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு ஆகும்.

தொழுநோய் இன்று மலேசியாவில் அரிதாகிவிட்டது. ஒரு காலத்தில் அது பெற்ற தாயையும் மகனையும் பிரித்து வைத்தது. 1926 ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட சட்டம், இந்நோய் கண்டவரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வழி செய்தது. அதற்கு முன்னர்ச் செத்தாப்பாக்கில் இருந்த காப்பகம் கம்பிவேலி சூழ்ந்த அடைப்பேயன்றி வேறன்று. டிராவர்ஸ் அந்நிலை கண்டு மனம் வருந்தி, நோயாளருக்குச் சிறைக்கு மாறாக ஓர் ஊரே வேண்டும் என்றார். 1930 ஆம் ஆண்டில் சுங்கை பூலோவின் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில், சற்றேறக்குறைய 570 ஏக்கர் நிலப்பரப்பில், அவ்வூர் எழுந்தது. பின்னாளில் மக்கள் அதனை 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று அழைக்கலாயினர்.

அங்கே நெடிய மருத்துவமனைக் கூடங்களுடன் சிறு சிறு வீடுகளும் தோட்டங்களும் இருந்தன. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அதுவும் டிராவர்ஸ் பெயரையே தாங்கியது. நோயாளருள் கற்றவர் ஆசிரியராயினர். சிலர் தாதியராகவும் காவலராகவும் பணிபுரிந்தனர். 1936 இல் அவ்வூருக்கெனத் தனி நோட்டுகளும் அச்சிடப்பட்டன. நோயாளர் கைபட்ட பணம் வெளியே வந்தால் நோயும் உடன் வரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஊர் என்று பெயர் வைத்தாலும், அதன் வாயிலைக் கடக்கும் உரிமை அவ்வூராருக்கு இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மருந்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். நம் சித்த மருத்துவம் நெடுங்காலமாகத் தோல் நோய்களுக்கு நீரடிமுத்தைப் பயன்படுத்தி வந்தது. அதே இனத்து மரங்களின் விதையிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயைத்தான் ஆங்கில மருத்துவரும் கையாண்டனர். உட்கொண்டால் குமட்டும், ஊசி வழியே ஏற்றினால், எண்ணெய் கெட்டியானதாகையால் வலி தாங்கவொண்ணாது. ஆயினும் வேறு மருந்து இல்லாமையால், வாரந்தோறும் வரிசையில் நின்று நோயாளர் அதனை ஏற்றுக்கொண்டனர். எண்ணெய் எடுப்பதற்காக அம்மரங்களைக் குடியிருப்பு வளாகத்திலேயே நட்டு வளர்த்தனர். மரம் வளர்ந்தது, நோய் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

இந்நோயின் இயல்பை அறிந்தால்தான் அவர்கள் அன்றாடம் பட்ட பாடு விளங்கும். 1873 இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இதன் கிருமியைக் கண்டறிந்தார். அக்கிருமி மிக மெதுவாகப் பெருகும். உடலில் புகுந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே நோய் வெளிப்படும். அது நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி மடிந்துவிடும். வலி என்பது நாம் வெறுக்கும் ஒன்று. அந்த வலி இல்லாமையே இவர்களுக்குப் பகையாயிற்று. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் கையைச் சுட்டாலும் தெரியாது. செருப்பினுள் கிடந்த ஆணி பாதத்தைத் துளைத்தாலும் தெரியாது. ஆகவே விளக்கேற்றியதும் உள்ளங்காலையும் விரல்களையும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது அவர்களுக்கு நாள்தோறும் செய்யவேண்டிய கடமை. ஒருநாள் தவறினாலும் சிறு புண் பெருத்து, விரலையே இழக்க நேரிடலாம்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் உணவும் மருந்தும் அருகிப்போகவே, பலர் மாண்டனர். போருக்குப் பின், 1940களின் இறுதியில், டாப்சோன் மாத்திரை வந்தது. ஊசியின் வேதனை ஒழிந்தது. தோலில் எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்று பன்முறை உறுதியானவர் வீடு திரும்பலாம் என்ற நிலையும் உண்டாயிற்று. ஆனால் எத்தனை பேருக்குத் திரும்ப வீடு இருந்தது? ஆண்டுக்கணக்கில் பிரிந்தவரை ஏற்க உறவினர் அஞ்சினர். கிருமி நீங்கியும் மடங்கிய விரல் நிமிரவில்லை. அவ்விரலைக் கண்டதும் அண்டை வீட்டார் ஒதுங்கினர். பலர் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டனர்.

தங்கியவர் பூச்செடிகளும் பழமரக் கன்றுகளும் வளர்க்கத் தொடங்கினர். முள் குத்தினாலும் உணராத கைகள் உரோசாச் செடியைப் பதியம் போட்டன! சுங்கை பூலோ நாற்றங்கால்கள் நாளடைவில் நாடறிந்தவை ஆயின. நோயாளர் தொட்ட பணத்துக்கு அஞ்சிய அதே நகரத்தார், அவர்கள் வளர்த்த செடியைக் காரில் ஏற்றிச் சென்று தம் வாசலில் வைத்தனர்.

1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன்பின் வீட்டிலிருந்தவாறே குணமடையும் நோயாயிற்று இது. ஊருக்குத் தேவை குறைந்தது. 2007 இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல, பல்கலைக்கழக மருத்துவக் கட்டடத்திற்காக இடிக்கப்பட்டன. முதியோர் சிலர் அரை நூற்றாண்டு வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேறினர்.

ஒன்றை மட்டும் கூறாமல் விட மனம் வரவில்லை. அங்கே மணம் புரிந்தோர் பலர். பிறந்த குழந்தையோ தாயிடம் வளர இயலாது. தனிக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. சில மாதங்களில் உறவினர் கொண்டுபோகாவிடின், பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டது. நோய் பிறப்பினால் வருவதன்று என்பது தெரிந்த பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. அவ்வாறு பிரிந்த பிள்ளைகள் சிலர், நரை தோன்றிய வயதில், பெற்றோரைத் தேடிப் பள்ளத்தாக்கிற்கு வரலாயினர். சிலர் தாயின் மடங்கிய கையைப் பற்றினர். காலந்தாழ்ந்து வந்தவர்க்கு, மலையோரக் கல்லறைகளில் ஒன்றைக் காட்டினார்கள்.