வைக்கோலும் விளைச்சல்தான்!

நெல்லோட வரலாற்றை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. வைக்கோலுக்கு யார் இருக்கா? அதனால இந்தப் பதிவு முழுக்க வைக்கோல்தான். கொஞ்சம் வறண்டு இருந்தா பொறுத்துக்குங்க :-)

டிராக்டர் வர்றதுக்கு முன்னாடி தஞ்சை டெல்டாவில் உழவு மாடு, வண்டி மாடு, கறவை மாடு எல்லாத்துக்கும் வைக்கோல்தான் முக்கியத் தீவனம். சேத்து உழவுக்குப் பேர்போன உம்பளச்சேரி மாடு வளர்ந்ததும் அதைத் தின்னுதான். கூலிக்காரர் வீட்டுக் கூரையும் அதுதான். அரிவாளால் அடியோட அறுத்து, கட்டுக் கட்டி, களத்துல அடிப்பாங்க. ஒட்டிக்கிட்டிருக்கிற மிச்ச நெல்லுக்காக மாடு விட்டு மிதிக்க வைப்பாங்க. தாள் நசுங்கி மெத்துனு ஆகுமே தவிர பொடியாகாது. அப்புறம் போர். ஒரு வீட்டோட வசதியை வாசல் வைக்கோல்போரைப் பார்த்தே சொல்லிடலாம்.

இந்த வைக்கோலைக் குறைச்சது மிஷின்தான்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க, அதுக்கு முன்னாடியே விதை குறைச்சிடுச்சு. 1960களில் தஞ்சாவூர் ஜில்லா 'பேக்கேஜ்' திட்டத்துல சேர்ந்தது. ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 வந்து குறுவை பரவுச்சு. குறுவை அறுப்பு மழையில மாட்டினா வைக்கோல் களத்துலயே அழுகும். 1966-ல் பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 8-ஐ வெளியிட்டது. அதுக்கப்புறம் கட்டை ரகங்களோட காலம். பழைய நெட்டை ரகத்துல பயிர் எடை 100 கிலோன்னா நெல் சுமார் 30, மிச்சம் வைக்கோல். கட்டை ரகத்துல கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நெல் கூடினது எல்லாருக்கும் தெரிஞ்சது. தாள் குட்டையானதை மாடு மட்டும்தான் கவனிச்சுது!

அடுத்தது கூலி. அதைத் தொடாம டெல்டா அறுப்பைப் பத்திப் பேசவே முடியாது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதுக்குப் பின்னாடி இருந்ததும் கூலி நெல் தகராறுதான். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மிஷின் பரவலானது அதுக்கு ரொம்பப் பின்னாடி, 1990கள், 2000கள்ல. கூலி வேலைக்கு ஆள் கிடைக்காத நேரத்துல வந்து நின்னதால கேள்வி கேட்காம ஏத்துக்கிட்டாங்க.

சரி, மிஷினுக்கு வருவோம். பழைய பாணி மிஷின்ல பயிர் உருளைக்கடியில ஒரே தடவை போய், உலுக்கிகள் மேல குலுங்கி வெளியே விழும். ரோட்டரியில அப்படி இல்லை. பயிர் ரோட்டரைச் சுத்திச் சுத்தி உரசிக்கிட்டே போகும். அமெரிக்காவில் நியூ ஹாலண்ட் 1975-லயும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1977-லயும் இந்த வகையைக் கொண்டு வந்தாங்க. நம்ம சேத்து வயல்ல ஓடற பெல்ட் வண்டிகள் பலதுலயும் இதே தத்துவம்தான். நெல் உடையறது குறைவு. ஆனா அத்தனை சுத்துக்கும் சேர்த்து அடி வாங்குறது தாள்.

இதைக் குறைக்க முடியாதா? தாராளமா முடியும். நெல் உதிர எவ்வளவு வேகம் வேணுமோ அதுக்கு மேல ரோட்டரைச் சுத்த விடக்கூடாது. கான்கேவ் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே, பின்னாடி விழற கதிர்ல நெல் நிக்குதான்னு பார்த்து நிறுத்தணும். மேல்மூடிக்குள்ள இருக்கிற வழிகாட்டித் தகடுகளைத் திருப்பினா தாள் சீக்கிரம் வெளியேறும். ரோட்டருக்குள்ள பயிர் நிறைஞ்சு ஓடணும். பாதி காலியா ஓடினா ஒவ்வொரு தாளும் கூடுதலா அடிபடும். உச்சி வெயில்ல காய்ஞ்ச தாள் நொறுங்கும், பனி ஈரத்துல நெல் உதிராது. பனி காய்ஞ்ச கையோட ஆரம்பிக்கறது நல்லது. வைக்கோல் வெட்டி இருந்தா கழட்டிடணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் அறுக்கிற உயரம். மத்த தானியங்கள் பலதுல இலைதான் மாட்டுக்கு நல்லா செரிக்கும். நெல்லுல தலைகீழ்: இலையில சிலிக்கா அதிகம். தண்டுதான் நல்லா செரிக்கும். ஒரு அடி மேல விட்டு அறுத்தா நல்ல பாகத்தை வயல்லயே விட்டுட்டு மட்டமானதை மாட்டுக்குப் போடறோம்னு அர்த்தம்.

அப்புறம் ஏன் யாரும் செய்யறதில்லை? வாடகை மணிக்கணக்கு. தாழ அறுத்தா மிஷினுக்குள்ள தாள் அதிகம் போகும், வண்டி மெதுவாப் போகும், விவசாயிக்குச் செலவு கூடும். டிரைவருக்கு அடுத்த வயல் காத்துக்கிட்டிருக்கும். சீக்கிரம் முடியணும்னா உயரத்தைக் கூட்டு, வேகத்தைக் கூட்டு! இந்த அவசரத்துல நஷ்டம் யாருக்கு? மாடு வெச்சிருக்கிறவருக்கு. அதுலயும் நிலமே இல்லாம ஒரு பசுவை வெச்சுப் பிழைக்கிறவங்களுக்கு. வயல்காரர் பேலர் விட்டு உருளைக் கட்டா வித்துடலாம், அவங்க அந்தக் கட்டைக் காசு குடுத்து வாங்கணும்.

என்னைப் பொறுத்தவரை பழி மிஷின் மேல இல்லை. வைக்கோலைக் கணக்குல சேர்க்காம வாடகை பேசினோமே, அந்தப் பேச்சு மேலதான். வண்டியை இறக்கறதுக்கு முன்னாடியே "தாழ அறுங்க, வைக்கோல் வேணும்"னு சொல்லி, அதுக்கான மணியையும் பேசிட்டா பாதிப் பிரச்சினை தீரும்.

உங்க ஊர் அறுப்புல எப்படி? யாராவது வைக்கோலைச் சேர்த்து வாடகை பேசறாங்களா? சொல்லுங்க.