ஒன்றரைக் கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு

அறுபதுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தலில் எடுத்த ஒலிப்பதிவு அது. பாடியவர் யாரென்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அவருடைய சங்கீதத்தின் பக்கம் போய்விடும். அந்தக் குடும்பம் எதுவென்று துப்புத் துலக்கவும் நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். இங்கே கதாநாயகன் நாடாதான். அது வந்த வழியைப் பல பேர் வாயிலிருந்து கேட்டுச் சேர்த்திருக்கிறேன்.

கல்யாணப் பெண்ணின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு பயணத்தில் க்ருண்டிக் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்திருந்தார். மைக்கை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்தது சங்கீதம் அல்ல, பிளக் பாயின்ட். அது வயலின்காரர் பக்கம் இருந்தது. அதனால் பதிவு முழுக்க வயலின் பெரிதாகவும், பாட்டு ஒரு முழம் தள்ளியும், மிருதங்கத்தின் தொப்பி இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடும் கேட்கும்.

1200 அடி நாடா, நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் ஓடினால், ஒரு பக்கத்துக்கு 64 நிமிஷம் வரும். அப்புறம் ரீலைத் திருப்பிப் போட வேண்டும். வித்வான் காம்போதியை விஸ்தாரமாகப் பாடி, மேல் காந்தாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்த 64 நிமிஷம் தீர்ந்தது. மாமா ரீலைத் திருப்பி மாட்டுவதற்குள் ஆலாபனை முடிந்து, வயலினும் வாசித்து, கீர்த்தனை பல்லவிக்கு வந்துவிட்டது. அந்தக் காந்தாரத்திலிருந்து அவர் எப்படி இறங்கினார் என்பது பந்தலில் இருந்தவர்களோடு போயிற்று. தனி ஆவர்த்தனம் வந்ததும் மாமாவே பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டார். நாடாவை மிச்சம் பிடிக்கத்தான். அந்தக் காலத்துத் தனியார் பதிவுகள் பலவற்றில் இந்த அநியாயம் நடந்திருக்கிறது. மிருதங்கக்காரர் முதல் சொல்லை எடுக்கிற இடத்தில் ஒரு 'டக்', அடுத்த வினாடி எல்லாரும் சேர்ந்து பாட்டுக்குத் திரும்புகிற இடம்.

நிரவலுக்கு நடுவே ஒரு குரல் நுழைகிறது: "முதல் பந்திக்கு இலை போட்டாச்சு, எழுந்து வாங்கோ!" வித்வான் அதை லட்சியம் செய்யாமல் பாடிக்கொண்டு போகிறார். இந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படிக் குறையும் கோளாறுமாகப் பிறந்த பதிவுக்கு ஏன் இத்தனை பேர் அலைந்தார்கள்? கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான். அதற்குள் காம்போதிக்குக் கோடு காட்டலாம். காம்போதி பாட முடியாது. மதுரை மணி ஐயர் 1968இல் காலமானார். அதற்குப் பிறகு பிறந்த தலைமுறை அவருடைய முழுக் கச்சேரியைக் கேட்டிருக்கிறது என்றால், அது தட்டுகளால் அல்ல. வானொலியாலும், யார் யாரோ வீட்டில் சுழன்ற ரீல்களாலும்தான். இந்த வித்வானுக்கும் அதே கதை.

மாமா ஊருக்குத் திரும்பி, ரீல்களை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்க வேண்டுமானால் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். காபியும் உண்டு. பிரதி கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பாங்க் அதிகாரி விடாமல் நடையாய் நடந்து அவர் மனதைக் கரைத்தார்.

"சரி, எடுத்துக்கோங்கோ. ஆனா வேற யாருக்கும் குடுக்கப்படாது."

"ஐயோ மாமா, மூச்சு விட மாட்டேன்."

பாங்க்காரரிடம் இருந்தது அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய மெஷின். நம் 230 வோல்ட்டை 110 ஆக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள், நம்முடையது 50. அந்த மெஷினின் மோட்டார் சைக்கிளை எண்ணிச் சுற்றுகிற ஜாதி. ஆகவே சென்னையில் அது ஓட வேண்டிய வேகத்தில் ஆறில் ஐந்து பங்குதான் ஓடியது. மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்ததை அதே மெஷினில் போட்டால் எல்லாம் சரியாகவே கேட்கும். பாங்க்காரர் கடைசிவரை எந்தக் குறையும் உணரவில்லை. வேறு மெஷினில் போட்டால் 60 நிமிஷம் 50 ஆகிவிடும்; சுருதி மூன்று ஸ்வர ஸ்தானம் ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

பாங்க்காரர் சில வருஷம் மூச்சு விடாமல்தான் இருந்தார். பிறகு பக்கத்துத் தெருப் பாட்டு வாத்தியாருக்கு மட்டும் கொடுத்தார், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற அதே நிபந்தனையோடு. வாத்தியாரும் அதே நிபந்தனையோடுதான் கொடுத்தார். இந்தச் சங்கிலியில் ஒருவர்கூட நிபந்தனை போட மறந்ததில்லை, ஒருவரும் அதைக் காப்பாற்றியதும் இல்லை.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகப்படுத்திய காசெட், எழுபதுகளின் கடைசியில் நம் வீடுகளில் டூ-இன்-ஒன்னாக வந்து உட்கார்ந்தபோது நாடாவுக்குக் கால் முளைத்தது. ஸ்பூலைக் கேட்க ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். காசெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ரசிகர்கள் சந்தித்தால் 'சௌக்கியமா' என்பதற்கு முன்னால் 'உங்ககிட்ட என்ன இருக்கு?' என்பதுதான் கேள்வி. டைப் அடித்த பட்டியல்கள் கை மாறின. உன்னிடம் அரிதான தோடி இருந்தால்தான் என்னுடைய பைரவி வெளியே வரும். பெரிய சேகரிப்பு வைத்திருந்த சிலர் பட்டியலைக்கூடக் காட்ட மாட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

சி-90 காசெட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம். வெட்டுப்பட்டிருந்த காம்போதி இன்னோர் இடத்திலும் வெட்டுப்பட்டது. ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் ஒரு படி ஏறியது, தம்புரா ஒரு படி மங்கியது. யாரோ ஒரு சிக்கனக்காரர் கடைசியில் மிச்சமிருந்த ஐந்து நிமிஷத்தை வீணாக்க மனமில்லாமல், அதே வித்வானின் வேறொரு கச்சேரியிலிருந்து ஒரு துக்கடாவை அங்கே சேர்த்துவிட்டார். காசெட் அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு சபாவின் பெயரும் ஒரு வருஷமும் ஏறின. இரண்டும் தப்பு.

எண்பதுகளில் அது ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு சூட்கேஸில் அமெரிக்கா போயிற்று. கிளீவ்லாந்தில் 1978லேயே தியாகராஜ ஆராதனை ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே கூடுகிறவர்களிடையே காசெட் பரிமாற்றத்துக்குக் கேட்கவா வேண்டும். மணிக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காம்போதி துணையாயிற்று. 'அந்தக் காலத்திலே என்ன விறுவிறுப்பு, என்ன மேல் ஸ்தாயி, மூணு கட்டை சாரீரம்!' என்று மெய்சிலிர்த்தார்கள். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பழைய காலத்து மனுஷர்களால் எதுவும் முடியும் என்ற நம்பிக்கைக்கு முன்னால் சுருதிப்பெட்டி என்ன செய்யும்? அந்த வேகத்தைக் கேட்டே அதன் சங்கதிகளைப் பாடம் பண்ணியவர்கள்கூட உண்டு.

பிறகு கம்ப்யூட்டர். காசெட் எம்பி3 ஆனது. எம்பி3 சிடியில் ஏறியது. சிடி ஹார்ட் டிஸ்கில் கரைந்தது. இப்போது யாரும் பண்டமாற்று பேசுவதில்லை. ஆயிரம் மணி நேரம் ஒரே மாலையில் கை மாறுகிறது. வாங்கியவர் அதில் எவ்வளவு கேட்கிறார் என்பது வேறு விஷயம்.

குட்டு உடைத்தவர் பெங்களூரில் மிருதங்கம் வாசிக்கிற ஒரு இன்ஜினியர். இந்த வித்வானின் வானொலிப் பதிவுகள் எல்லாம் ஒன்றரைக் கட்டை. இது மட்டும் எப்படி மூன்று? கம்ப்யூட்டரில் வேகத்தை மெல்லக் குறைத்துப் பார்த்தார். ஆறில் ஐந்துக்கு வந்ததும் குரல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதுவரை ஏதோ ஒரு பையன் கத்துகிறான் என்று எல்லாரும் நினைத்திருந்த 'இலை போட்டாச்சு' வயதான ஒருவரின் கட்டைக்குரலாக மாறியது. அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. கடைசித் துக்கடா மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இறங்கிப்போயிற்று. அது சரியான வேகத்தில் பதிவானது, ஆகவே இந்தக் கச்சேரியைச் சேர்ந்ததே அல்ல. பந்தியும் இலையும் இருக்கும்போது சபா எங்கிருந்து வரும் என்று அட்டையில் இருந்த பெயரையும் அப்போதுதான் அடித்தார்கள்.

வேகம் சரியாயிற்று. மூல ரீலிலிருந்து புதிதாக ஒரு பிரதி எடுத்தால் இரைச்சலும் போய்விடுமே என்று மாமாவின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் நல்லவர்கள், தயங்காமல் பீரோவைத் திறந்துவிட்டார்கள். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி. அசிடேட் நாடா வருஷக்கணக்கில் உஷ்ணத்திலும் ஈரத்திலும் கிடந்தால் அமிலம் கக்கும். சுருங்கி, முறுக்கிக்கொண்டு, தொட்டால் அப்பளமாய் உடையும். ஒரு ரீலின் வெளிச்சுற்று உதிர்ந்தே போயிற்று. இன்னொன்றில் பூஞ்சை. ஓட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. இன்று அந்தக் காம்போதி உலகத்தில் இருக்கிறதென்றால், திருவல்லிக்கேணி பாங்க்காரர் வாக்குத் தவறியதால் இருக்கிறது. சுருதியைக் கெடுத்தவரும் அவரே, காப்பாற்றியவரும் அவரே.

இதில் வித்வானுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு; நியாயமான கேள்வி. கல்யாண வீட்டில் கொடுத்த சன்மானத்துக்கு மேல் காலணாகூட இல்லை. மேடையில் பாடுகிறவருக்குத் தன் கச்சேரியைப் பதிவுசெய்ய விடுவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையை நம் காப்புரிமைச் சட்டம் 1994ஆம் வருஷத் திருத்தத்தில்தான் தந்தது. இன்றைய பாடகர் ஒருவர் 'என் கச்சேரியைப் போனில் பிடிக்காதீர்கள்' என்றால் அவர் பக்கமே நான் நிற்பேன். அவர் தன் கச்சேரியைத் தானே நல்ல மைக்கில் பதிந்து வைத்துக்கொள்ள முடியும். அறுபதுகளில் அந்த வசதி இல்லை. அப்போதைய மிருதங்கக்காரரின் தனியை நிறுத்தியதுதான் எனக்கு இன்னும் பெரிய திருட்டாகப் படுகிறது.

திருத்திய பதிவை ஒரு நண்பர் பென் டிரைவில் கொடுத்தார். நிபந்தனை எதுவும் போடவில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். முதல் பதில் வந்தது: "சார், திருத்தினது கொஞ்சம் தூங்கி வழியறது. அந்தப் பழசுலதான் ஜீவன்." அதற்கு ஏழெட்டுக் கைகூப்பல்கள். இரண்டும் இப்போது சுற்றிக்கொண்டிருக்கின்றன. வேகமாக ஓடுவதன் கோப்புப் பெயரில் யாரோ 'ஒரிஜினல்' என்று சேர்த்திருக்கிறார்கள்.